விபத்து வழக்கில் நாட்கணக்கு

பாவுக்குக் கஞ்சி போடும் வேலை வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். விதைப்பு, நிலத்தின் ஈரம் காயுமுன் முடிய வேண்டும். பனமரத்துப்பட்டி நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சேலம் சாலையில் வாகனம் மோதிக் கையோ காலோ முறிந்தால், நஷ்ட ஈடு கோருவதற்கும் அத்தகைய பருவம் உண்டென்பதை நம் அங்கத்தினரில் பலர் அறியார்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த மனுக் காலவரம்பு 1994இல் நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறு மாத வரம்பு மீண்டும் விதிக்கப்பட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. தாமதத்தை மட்டும் காட்டி மனுக்களைத் தள்ளலாகாதென 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. எனினும், இடைக்கால ஆணையை நம்பி வாளாவிருத்தல் விவேகமன்று.

கெடு நமக்கு மட்டுமன்று. அதே நாளில் அமலான விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும், 50 நாட்களில் இடைக்கால அறிக்கையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்புதல் வேண்டும். டிரைவரும் வாகனச் சொந்தக்காரரும் 30 நாட்களிலும், அடிபட்டவர் 60 நாட்களிலும் தத்தம் படிவங்களைக் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கை கிடைத்த 30 நாட்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். 2022 டிசம்பரில் கோஹர் முகம்மது வழக்கில் உச்ச நீதிமன்றமும் இவ்விதிகளை நடைமுறைப்படுத்துமாறு உத்தரவிட்டது.

ஆகவே, விபத்து நடந்த தேதியை ஒரு நோட்டுப் புத்தகத்தின் தலைப்பில் எழுதுக. அதன்கீழ் 30, 50, 60, 90 ஆகிய நாட்கள் எந்தெந்தத் தேதியில் முடிகின்றனவெனக் குறித்து, அன்று யார் எதைச் செய்யவேண்டும் என்பதையும் எழுதுக. குறித்த நாள் கழிந்ததும் காவல் நிலையத்தில் விசாரியுங்கள்; அறிக்கை வரவில்லையெனில் வக்கீல் மூலம் தீர்ப்பாயத்தில் முறையிடுங்கள். கேட்பாரற்ற கெடு ஏட்டில் உறங்கும்.

மற்றொன்று: வருமானத்துக்கு அத்தாட்சி இல்லையேல் தீர்ப்பாயம் ஓர் உத்தேசத் தொகையையே கணக்கிட நேரும். தறியில் கால் மிதித்துப் பிழைப்பவருக்கு அது பெரும் நஷ்டமாகலாம். எனவே சங்கத்தில் கூலி பெற்ற பாஸ் புத்தகம், விளைபொருள் விற்ற ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஆகியவற்றை 60 நாள் படிவத்தோடு சேர்த்தளிப்பது அவசியம்.

விபத்து வெளியூரில் நேர்ந்தாலும், வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. முறிந்த எலும்பு கூடும்வரை உடல் ஓய்வெடுக்கட்டும், நாட்கணக்கு ஓய்வெடுக்கலாகாது. படுத்திருப்பவருக்காக அந்த நோட்டுப் புத்தகத்தை வீட்டாரோ சக அங்கத்தினரோ எழுதி வைப்பதே உண்மையான கூட்டுறவாகும்.