ஸ்மார்ட் மீட்டர்: வீட்டு நுகர்வோருக்கு வரவும் செலவும்

ஸ்மார்ட் மீட்டர் என்பது, வீட்டில் செலவாகும் மின்சாரத்தை அளப்பதோடு நில்லாமல், அந்தக் கணக்கைத் தானாகவே மின்வாரியத்தின் கணினிக்கு அனுப்பிவைக்கும் மீட்டர். அதற்காக உள்ளே சிம் கார்டோ ரேடியோ அலைக் கருவியோ இருக்கும். இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 16444. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணைப் பார்த்து எழுதும் முறைக்குப் பதிலாக, அரை மணி போன்ற குறுகிய இடைவெளியில் செலவைப் பதிந்துகொண்டே போகும். இணைப்பைத் துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் ஒரு சுவிட்சும் உள்ளேயே உண்டு. அலுவலகத்திலிருந்து ஆணை வந்தால் லைன்மேன் வராமலே கரண்ட் நின்றுவிடும். இந்தக் கருவியால் மட்டும் ஒரு யூனிட்டும் மிச்சமாவதில்லை. எந்தக் கட்டண விதியோடு, எந்த முறையில் மாட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே வீட்டுக்காரருக்கு லாபமோ நஷ்டமோ வரும்.

தமிழ்நாட்டில் இது முதலில் பெருமளவில் வந்தது சென்னை தியாகராய நகரில். சோதனை முயற்சியாக அங்கே சுமார் 1.42 லட்சம் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. ஒன்றிய அரசு 2021இல் கொண்டுவந்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் நாடு முழுவதும் 25 கோடி மீட்டர்களை மாற்றும் இலக்கை வைத்தது. தமிழ்நாட்டின் பங்குக்காக 2023இல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகளில், சென்னை உள்ளிட்ட 8 மாவட்டங்களுக்கு அதானி நிறுவனம் மிகக் குறைந்த விலை கேட்டிருந்தது. அந்த விலையும் அதிகம் என்று மின்வாரியம் 2024 டிசம்பரில் ஒப்பந்தப்புள்ளியை ரத்து செய்தது. பிறகு மறுபடி கோரப்பட்டது. இந்தத் தாமதத்தால் நுகர்வோருக்கு ஒரு நன்மை உண்டு. மற்ற மாநிலங்களில் நடந்ததைப் பார்த்து, மீட்டர் சுவரில் ஏறும் முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம்.

சென்னையை அடுத்த குன்றத்தூர் போன்ற ஊருக்கு இந்த முன்னெச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும். 2021இல் நகராட்சியான இந்த ஊரைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் குடும்பங்கள் ஏராளமாக வாடகைக்குக் குடியிருக்கின்றன. கீழே இரண்டு, மேலே இரண்டு என்று போர்ஷன் பிரித்த வீடுகளில் மின்இணைப்பு பெரும்பாலும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். ஸ்மார்ட் மீட்டர் பற்றிய விளக்கங்களோ, சொந்த வீட்டில் சொந்த இணைப்போடு இருப்பவரையே மனதில் வைத்து எழுதப்படுகின்றன.

பில் ஏறுமா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. சக்கரம் சுற்றும் பழைய மீட்டர்கள் வயதாக ஆகக் குறைத்துக் காட்டும். செல்போன் சார்ஜர், அணைக்காமல் விட்ட டி.வி. போன்ற சிறு சுமைகளைப் பதியாமலே விட்டுவிடும். அப்படிப்பட்ட மீட்டரை மாற்றினால் யூனிட் கூடுவது இயல்பு. ஏற்கெனவே எலெக்ட்ரானிக் மீட்டர் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்க நியாயமில்லை. ஆனால் போர்ஷன் வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. திருட்டைத் தடுப்பதற்காக, ஒருமுனை மீட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்து, அதிகமாக உள்ளதைக் கணக்கில் எடுக்கும்படி அமைக்கப்படுவது வழக்கம். இரண்டு போர்ஷன்களின் நியூட்ரல் கம்பியை எலெக்ட்ரீஷியன் எங்கோ ஒன்றாக இணைத்திருந்தால், பக்கத்து வீட்டு மின்னோட்டமும் சேர்ந்து ஒரு மீட்டரில் ஏறும். எர்த் கசிவுக்கும் இதே விளைவுதான். மீட்டர் மாற்றும் முன் வயரிங்கைச் சோதிக்கும் செலவு சிறியது. பிறகு வரும் தகராறு பெரியது.

ரீடிங் எடுக்கும் தேதியில்தான் நுகர்வோருக்கு மெய்யான நன்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் பெரும் மானியத்தில் கிடைக்கின்றன. 500ஐத் தாண்டினால் அந்த மானியம் போய்விடும். 501ஆவது யூனிட்டிலிருந்து, 2024 ஜூலை கட்டணப்படி, யூனிட்டுக்கு ரூ. 8.55. நாளொன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு 60 நாளில் 480 யூனிட் ஆகும். கணக்கீட்டாளர் நான்கு நாள் தாமதமாக வந்தால் 512. அன்றாடச் செலவில் மாற்றமே இல்லாமல் பில் உயர்ந்துவிடும். குறித்த தேதியில் தானாக ரீடிங் போய்ச் சேரும் மீட்டர் இந்த அநியாயத்தை அடியோடு நீக்கும். பூட்டிய வீட்டுக்கு உத்தேசக் கணக்குப் போடுவதும் இல்லாமல் போகும். நடுவில் எத்தனை யூனிட் ஓடியது என்று செயலியில் பார்த்து, 450ஐ எட்டும்போதே ஏ.சி.யைக் குறைக்கலாம்.

ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் மாதாமாதம் பில் வரும் என்பதும் நீண்ட நாள் எதிர்பார்ப்பு. 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் அதுவும் ஒன்று. எல்லோருக்கும் லாபம் என்று இதை நம்பிவிடக் கூடாது. கட்டணப் படிகளை அப்படியே பாதியாக்கி மாதக் கணக்குப் போட்டால் என்ன நடக்கும்? மே மாதத்தில் 400 யூனிட், மழை பெய்து குளிர்ந்த அடுத்த மாதத்தில் 100 யூனிட் செலவழித்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதக் கணக்கில் மொத்தம் 500. மானியம் நிலைக்கும், விலை அதிகமான படிகளைத் தொடவே தொடாது. பாதியாக்கிய மாதக் கணக்கில் மே மாதத்து 400 என்பது பழைய கணக்கின் 800க்குச் சமம்; கடைசி 100 யூனிட்டுக்கு ரூ. 9.65 வீதம் கட்ட வேண்டிவரும். ஒரே சீராகச் செலவழிக்கும் வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். 300, 220 என்று செலவாகி மொத்தம் 520இல் நிற்கும் வீட்டுக்கு, ஒரு மாதமாவது மானியம் தப்பும். ஆகவே மாத பில் நல்லதா என்பதற்கு, படிகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே பதில் சொல்ல முடியும்.

நேரத்துக்கேற்ற கட்டணம் அடுத்தது. ஒன்றிய அரசு 2023 ஜூனில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்கு சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் வைக்கச் சொல்கின்றன. வேளாண்மை தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1 முதல் என்று தேதியும் குறிக்கப்பட்டது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் கட்டண ஆணையில் சேர்த்தால்தான் இங்குள்ள வீட்டு பில்லில் இது வரும். நைட் ஷிப்டு முடிந்து வந்து பகலில் மின்விசிறியோ ஏ.சி.யோ போட்டுத் தூங்கும் தொழிலாளிக்கு இது லாபமே. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் சமையல், பிள்ளைகளின் படிப்பு, விளக்கு, மின்விசிறி எதையும் தள்ளிப்போட முடியாது. இரண்டு மாதத்துக்கு 200, 300 யூனிட் செலவழிக்கும் குடும்பத்தில் நேரம் மாற்றக்கூடிய சுமை மிகச் சிறியது. வசதியுள்ள வீடு பகலுக்கு மாறிக்கொள்ள, மாற முடியாத வீடு மாலை விலையைச் சுமப்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது ப்ரீபெய்டு முறை. மீட்டர் மாற்றுவதற்கு ஒன்றிய அரசு தரும் மானியம் ப்ரீபெய்டு மீட்டருக்கே கிடைக்கும். பில் கட்டத் தவறியவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆம் பிரிவு. ப்ரீபெய்டில் பணம் தீர்ந்ததும் மின்சாரம் நிற்பதோ மேலே சொன்ன மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி (2020) ‘துண்டிப்பு’ ஆகாது. ரீசார்ஜ் செய்ததும் வந்துவிடும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கு அந்த 15 நாள் பெரிய பாதுகாப்பு. சம்பளம் வரும்வரை சமாளிக்க அதுதான் வழி. அதே சட்டத்தின் 47(5) பிரிவு, ப்ரீபெய்டு மீட்டர் வழியே மின்சாரம் பெற முன்வருபவரிடம் வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்கிறது. ‘முன்வருபவர்’ என்றால் விருப்பம் நுகர்வோருடையது என்பது ப்ரீபெய்டுக் கட்டாயத்தை எதிர்ப்போரின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

தொலைவிலிருந்து துண்டிக்கும் வசதி தவறிப்போனால் என்ன ஆகும் என்பதை உத்தரப் பிரதேசம் 2020 ஆகஸ்ட் 12இல் பார்த்தது. கிருஷ்ண ஜெயந்தி அன்று, தவறாகப் போன ஒரு கட்டளையால், பணம் கட்டியிருந்தவர்கள் உட்பட ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு மேல் இருளில் மூழ்கின. பிரிட்டனில், கடனாளிகளின் வீடுகளில் கட்டாயப்படுத்தி ப்ரீபெய்டு மீட்டர் வைப்பதை 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை அமைப்பு நிறுத்தச் சொன்னது. குஜராத்தின் வதோதராவில் 2024 மே மாதம் ஸ்மார்ட் மீட்டரை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த மாதமே மகாராஷ்டிர அரசு, சாதாரண வீடுகளுக்கு ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் இல்லை என்று அறிவித்தது.

மீட்டர் இலவசம் என்று சொல்லப்படுவதும் பாதி உண்மைதான். மாட்டும்போது பணம் கேட்பதில்லை. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் தனியார் நிறுவனம் மீட்டரை வாங்கி மாட்டிப் பல ஆண்டுகள் பராமரிக்கும். மின்வாரியம் அதற்கு மாதாமாதம் ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும். ஒன்றிய அரசின் மானியம் மீட்டர் செலவில் 15 சதவீதம் அல்லது ரூ. 900, இதில் எது குறைவோ அது. மிச்சம் மின்வாரியத்தின் செலவுக் கணக்கில் சேர்ந்து, என்றாவது கட்டண உயர்வாகத் திரும்பி வரும். திருட்டும் வசூல் பாக்கியும் குறைந்து அந்தச் செலவை ஈடுகட்டினால்தான் நுகர்வோருக்குச் சுமை ஏறாது.

தனியுரிமைக் கவலையும் உண்டு. அரை மணிக்கு ஒரு பதிவு என்பது, வீட்டில் யாரும் இல்லாத நேரம் எது, எப்போது தூங்குகிறார்கள் என்பதையும் காட்டிவிடும். நெதர்லாந்தில் இந்தக் காரணத்தால்தான் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவை 2009இல் மேலவை ஏற்கவில்லை. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எனினும் மீட்டரைப் பராமரிக்கும் தனியார் நிறுவனம் எதைப் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதும்படி கேட்க வேண்டும்.

வாடகைதாரருக்கு வருவோம். செயலியும் ரீசார்ஜும் உரிமையாளரின் செல்போன் எண்ணில் இருந்தால், யூனிட்டைப் பார்த்துச் சிக்கனம் செய்யும் நன்மை குடியிருப்பவருக்கு இல்லை. ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன் ஓடினால் மூவரின் செலவும் சேர்ந்து மேல்படிக்கு ஏறும்; சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வசூலிப்பதும் தொடரும். இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்பு கேட்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதியை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று தடுக்கிறது; மீறினால் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். ப்ரீபெய்டு வந்தால், ரீசார்ஜ் செய்யாமல் விட்டே குடியிருப்பவரை நெருக்க முடியும். யார் ரீசார்ஜ் செய்வது, யூனிட்டுக்கு என்ன விலை, செயலியில் யாருடைய எண் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

மீட்டர் மாற்ற வரும் நாளில் செய்ய வேண்டியவை எளியவை. பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் தொடக்க ரீடிங்கையும் வரிசை எண்ணோடு போட்டோ எடுத்து, வந்தவரிடம் கையெழுத்துடன் எழுதி வாங்க வேண்டும். ரீடிங் எழுதிவைக்கும் வெள்ளை அட்டையைத் தூக்கிப் போடக் கூடாது. பழைய செலவுக்கு அதுவே சான்று. அனுமதித்த மின்பளுவைவிட அதிகம் எடுத்ததாகப் புதிய மீட்டர் காட்டினால், அது மாட்டப்படுவதற்கு முந்திய காலத்துக்காக அபராதம் போட மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2023 திருத்தம் இடம் தரவில்லை. ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது தாண்டியிருந்தால்தான் பளுவை உயர்த்தலாம். பழைய இணைப்பில் புதிதாக ஏ.சி. மாட்டியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யூனிட் அதிகமாகத் தெரிந்தால் எழுத்தில் புகார் கொடுப்பதே வழி. அதே விதிகளுக்கு 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி, செலவுக்கு ஒவ்வாத ரீடிங் என்று புகார் வந்தால் 5 நாளுக்குள் கூடுதலாக ஒரு சோதனை மீட்டரை மின்வாரியம் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகாரை மின்னகம் எண் 94987 94987இல் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, உதவி மின்பொறியாளர் அலுவலகத்தில் கடிதமாகவும் கொடுத்து ஒப்புகை வாங்குவது பாதுகாப்பு. அங்கே தீராவிட்டால் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் தீர்ப்பும் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இரண்டுக்கும் வழக்கறிஞர் தேவையில்லை. மாதக் கணக்கின் படிகள், வீடுகளுக்கான உச்ச நேர விலை, ப்ரீபெய்டைக் கட்டாயமாக்குவது போன்றவற்றை இந்த மன்றங்கள் மாற்ற முடியாது. அவை ஒழுங்குமுறை ஆணையத்தில் முடிவாகின்றன. கட்டண ஆணைக்கு முன் ஆணையம் ஆட்சேபங்களை எழுத்தில் கேட்டு, பொது விசாரணையும் நடத்துகிறது. அங்கே ஒரு வீட்டு நுகர்வோர் தன் வெள்ளை அட்டையுடன் போய்ப் பேசலாம்.