டெலீட் செய்தாலும் போகாத தரவு

இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர், கிராமம் கிராமமாகக் கணக்கெடுப்பு நடத்தும் தொண்டு நிறுவனம், மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்யும் இளம் மருத்துவர், பத்திரிகையின் தரவுச் செய்தியாளர் என்று தரவை வைத்து வேலை செய்யும் பலரும் இப்போது கிட்ஹப்பில் கணக்கு வைத்திருக்கிறார்கள். எழுதிய நிரலை ஓரிடத்தில் வைத்து, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு பாதுகாப்பது நல்ல பழக்கம். அதைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நிரலோடு சேர்ந்து ஏறுகிற அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர். பெயர், செல்போன் எண், சர்க்கரை அளவு, சாதி, வருமானம் எல்லாவற்றையும் நம்மை நம்பிச் சொன்னவர். கிட்ஹப் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவரைக் காப்பது ஏற்றுகிறவரின் பொறுப்பு.

வெளிப்படையாக வைப்பதால் என்ன பயன் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2010-ல் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடுகிறது என்று கட்டுரை எழுதினார்கள். அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதிட்டவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி போடும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. அதையும் வேறு சில கணக்கீட்டுத் தேர்வுகளையும் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 சதவீதம் என்று சொல்லப்பட்ட வளர்ச்சி 2.2 சதவீதமாக வந்தது. கோப்பு வெளியே வராததால் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பிழை உலகத்துக்குத் தெரிந்தது. நம் நாட்டிலும் கொரோனா காலத்தில் தன்னார்வலர்கள் நடத்திய 'கோவிட்19இந்தியா' தளம் தன் தரவையும் நிரலையும் கிட்ஹப்பில் திறந்து வைத்தது. பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

ஆக, திறந்து வைப்பது நல்லது. எதைத் திறந்து வைக்கிறோம் என்பதில்தான் ஆபத்து. அதைப் புரிந்துகொள்ள, கிட்ஹப்பின் அடிப்படையான கிட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய மென்பொருள் கிட். ஒவ்வொரு முறை நீங்கள் கமிட் செய்யும்போதும், ப்ராஜெக்டில் சேர்த்த கோப்புகள் எல்லாம் அந்த நொடியில் எப்படி இருந்தனவோ அப்படியே அது பதிந்துகொள்கிறது. நேற்று தவறுதலாக நோயாளிகளின் பட்டியலை ஏற்றிவிட்டு, இன்று அதை டெலீட் செய்து இன்னொரு கமிட் போட்டால், இன்றைய பக்கத்தில் அது இருக்காது. நேற்றைய கமிட்டில் அப்படியே இருக்கும். நிலத்தை விற்ற பிறகும் வில்லங்கச் சான்றில் பழைய பத்திரங்கள் வரிசையாக வருவதைப் போல. வரலாற்றைத் திறக்கத் தெரிந்த யாரும் அதை எடுத்துவிடலாம். 'பாஸ்வேர்டை நீக்கினேன்' என்று நாமே எழுதும் கமிட் குறிப்புகளைத் தேடிப்பிடித்து, அதற்கு முந்தைய கமிட்டைத் திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிட நுட்பமான ஒரு கசிவு ஜூபிடர் நோட்புக்கில் நடக்கிறது. பைதானில் தரவு ஆய்வு செய்பவர்கள் பெரும்பாலும் அதில்தான் எழுதுகிறார்கள். மாணவர் கவனமானவர் என்றே வைத்துக்கொள்வோம். தரவு இருக்கும் சிஎஸ்வி கோப்பு ஏறக்கூடாது என்று 'கிட்இக்னோர்' கோப்பில் எழுதிவிட்டார். நோட்புக்கை மட்டும் புஷ் செய்கிறார், அதாவது கிட்ஹப்பில் ஏற்றுகிறார். ஆனால் தரவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, முதல் ஐந்து வரிகளைக் காட்டும் 'ஹெட்' கட்டளையை ஓட்டியிருப்பார். அந்த ஐந்து பேரின் பெயர், வயது, ஊர், போன் நம்பர் எல்லாம் கட்டளைக்குக் கீழே அழகான அட்டவணையாக வந்திருக்கும். நோட்புக் கோப்பு நிரலை மட்டும் சேமிப்பதில்லை. அது காட்டிய விடையையும் சேர்த்தே சேமிக்கிறது. கிட்ஹப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அட்டவணை கண்ணெதிரே வரும். டவுன்லோடு செய்யக்கூடத் தேவையில்லை. ஆர் மொழியில் வேலை செய்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஆர்ஸ்டூடியோவை மூடும்போது 'சேமிக்கவா?' என்ற கேள்விக்கு யோசிக்காமல் 'சரி' என்று அழுத்தினால், நினைவகத்தில் இருந்த தரவு முழுவதும் ஒரு மறைகோப்பாக ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே உட்கார்ந்துவிடும்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்க ஆய்வாளர் லட்டானியா ஸ்வீனி 1990-களில், பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைத் தரவிலிருந்து மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பைக் கண்டுபிடித்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார், அவ்வளவுதான். நம் ஊரில் வாக்காளர் பட்டியல்கூடத் தேவைப்படாது. ஒரு ஊராட்சியின் பெயரும், 'வயது 34, தையல் தொழில், கணவரை இழந்தவர்' என்ற வரியும் இருந்தால், யாரென்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதே வரியின் கடைசிக் கட்டத்தில் எச்ஐவி என்று இருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாகும்? அவருடைய சம்மதம் இல்லாமல் அந்த நிலையை வெளியிடக்கூடாது என்று 2017-ம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் சொல்கிறது. 'ஆராய்ச்சிக்காகத்தான் ஏற்றினேன்' என்று சொல்வது அவருக்கு எந்த ஆறுதலையும் தராது.

அடுத்தது சாவிகள். தரவுத்தளத்தின் பாஸ்வேர்டு, அமேசான் கிளவுடின் அணுகல் கீ போன்றவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் பழக்கம் பெரிய நிறுவனங்களிலும் உண்டு. 2016-ல் ஊபர் பொறியாளர்களின் கிட்ஹப் ரெப்போவுக்குள் (ப்ராஜெக்டின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் இடம்) நுழைந்தவர்கள், அங்கே கிடைத்த கீயைக் கொண்டு 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் தரவை அள்ளிச் சென்றார்கள். அது பொது ரெப்போ அல்ல, பிரைவேட் ரெப்போ. 'பிரைவேட்தானே' என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் விஷயத்தை மறைத்த ஊபர், 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. டொயோட்டாவின் கதை வேறு மாதிரி. அதன் ஒப்பந்ததாரர் 2017 டிசம்பரில் நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் ஏற்றிவிட, 2022 செப்டம்பர்வரை அது யார் கண்ணிலும் படவில்லை. உள்ளே இருந்த கீ வழியாக சுமார் 2 லட்சத்து 96 ஆயிரம் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் எட்டும் தூரத்தில் இருந்தன.

கீ வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் முதல் வேலை அந்தக் கீயை ரத்து செய்வது. ரெப்போவைச் சுத்தம் செய்வது அப்புறம். பலர் பதற்றத்தில் இதைத் தலைகீழாகச் செய்து, கோப்பை மறைத்துவிட்ட நிம்மதியில் கீயை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மனிதர்களின் தரவு போயிருந்தால் ரத்து செய்ய எதுவும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது. உடனே ரெப்போவை பிரைவேட்டாக்குங்கள். ஏற்கெனவே யாராவது ஃபோர்க் செய்திருந்தால், அதாவது தன் கணக்கில் பிரதி எடுத்திருந்தால், அந்தப் பிரதி பொதுவிலேயே இருக்கும். அதன் உரிமையாளருக்குத் தனியாக எழுத வேண்டும். பிறகு வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். அதற்கு 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற கருவி இருக்கிறது. அது அந்தக் கோப்பை எல்லா கமிட்டிலிருந்தும் எடுத்துவிடும். உங்களோடு வேலை செய்பவர்கள் தங்கள் கணினியில் உள்ள பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். ஒருவர் மறந்துபோய்ப் பழையதிலிருந்து புஷ் செய்தாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும். கடைசியாக, கிட்ஹப் தன் பக்கம் வைத்திருக்கும் பழைய காட்சிகளையும் நீக்கச் சொல்லி அதன் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். தனி ஆளாகச் செய்யும் சிறிய ப்ராஜெக்ட், ஃபோர்க் எதுவும் இல்லை என்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம். ரெப்போவை முழுதாக அழித்துவிட்டு, சுத்தமான கோப்புகளோடு புதிதாகத் தொடங்குவதே எளிது.

வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். உண்மைத் தரவை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைக்கவே வேண்டாம். வெளியே தனி இடத்தில் வையுங்கள். ரெப்போவில் கற்பனையாக உருவாக்கிய இருபது வரிகளை மாதிரிக்காக வைத்தால், நிரலை ஓட்டிப் பார்க்க அது போதும். கிட்இக்னோரை முதல் கமிட்டுக்கு முன்பே எழுதுங்கள், ஏற்கெனவே ஏறிவிட்ட கோப்பை அது தடுக்காது. நோட்புக்கை கமிட் செய்யும் முன் விடைகளை அழித்துவிடுங்கள். இதைத் தானாகவே செய்ய 'என்பிஸ்ட்ரிப்அவுட்' என்ற இலவசக் கருவி இருக்கிறது.

உங்கள் உழைப்புக்கான உரிமையும் இங்கே உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. லைசென்ஸ் எதுவும் போடாமல் ஏற்றினால், மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள் ஃபோர்க் செய்யலாம்; எடுத்துப் பயன்படுத்தும் உரிமை தானாக வந்துவிடாது. எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தால் எம்ஐடி போன்ற லைசென்ஸைச் சேர்த்துவிடுங்கள். சம்பளத்துக்கு எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். அதை உங்கள் கணக்கில் ஏற்றும் முன் கேட்டுவிடுங்கள். கமிட்டில் தெரியும் தேதியை மட்டும் நம்பி 'நான்தான் முதலில் செய்தேன்' என்று வாதிடவும் முடியாது. அந்தத் தேதி உங்கள் கணினியிலிருந்து வருவது, மாற்றக்கூடியது. ஆய்வை முடித்ததும் செர்ன் ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ தளத்தில் பதிந்து நிலையான டிஓஐ எண் வாங்கிவைப்பது நல்லது.

அந்த அட்டவணையில் இருப்பது உங்கள் பெயர் என்றால்? 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. போதிய பாதுகாப்பு இல்லாமல் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்களிடம் தகவல் வாங்கிய கல்லூரிக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் கேளுங்கள். மருத்துவ ஆய்வு என்றால், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் இருக்கும், அங்கேயும் எழுதுங்கள். அரசு அடையாள எண் போன்றவை வெளியாகியிருந்தால், நீக்கச் சொல்லி கிட்ஹப்புக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்.

புகாரில் ரெப்போவின் முகப்பு முகவரியை மட்டும் கொடுக்காதீர்கள். நாளை கோப்பை டெலீட் செய்துவிட்டு 'அங்கே ஒன்றும் இல்லையே' என்று சொல்லிவிடுவார்கள். கோப்பைத் திறந்து, வரலாறு என்ற பகுதிக்குப் போய், உங்கள் பெயர் தெரியும் அந்த கமிட்டின் நீண்ட எண் அடங்கிய முகவரியைக் காப்பி செய்யுங்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டையும் புகாரோடு இணையுங்கள்.