பாகவதரின் பாட்டுகள், ஒரே தொகுப்பில்

எம்.கே.தியாகராஜ பாகவதரின் திரைப்பாடல் தொகுப்புகள் எல்.பி., கேசட், குறுந்தகடு என்று வடிவம் மாறி மாறி வந்திருக்கின்றன. 1934-இல் வந்த ‘பவளக்கொடி’ முதல், அவர் மறைந்தபின் 1960-இல் வந்த ‘சிவகாமி’ வரை, அவர் நடித்தவை 14 படங்கள்தான்.

இந்தத் தொகுப்புகளுக்கு முன்பு, 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட்டு. முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட்டு, மறுபடி சாவி கொடுக்க வேண்டியிருந்தது. அப்படித் துண்டு துண்டாகக் கேட்டவற்றைத் தொகுப்பு ஒரே மூச்சில் கேட்க வைத்தது.

மாயவரத்தில் 1910-இல் பிறந்த பாகவதர் வளர்ந்தது திருச்சியில். ரயில்வே அதிகாரி எஃப்.ஜி.நடேசய்யரின் ரசிக ரஞ்சன சபா மேடையில், அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாகச் சிறுவயதில் பாடி நடித்தார். ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிப் பழகிய தொண்டை அது. மேல் ஸ்தாயியில் கவனியுங்கள், குரல் மெலிவதே இல்லை.

‘ஹரிதாஸ்’ (1944) பாட்டு இல்லாத தொகுப்பை யாரும் வாங்க மாட்டார்கள். பாபநாசம் சிவன் எழுத, ஜி.ராமநாதன் சாருகேசி ராகத்தில் அமைத்த பாட்டு ஒன்று அதில் வருகிறது. சென்னை பிராட்வே தியேட்டரில் படம் மூன்று தீபாவளி கண்டது. அதில் பெரும்பகுதிக் காலம் பாகவதர், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தார். 1947-இல் விடுதலையானார்.

அதன்பின் வந்த ‘ராஜமுக்தி’ (1948), ‘அமரகவி’ (1952) பாட்டுகளுக்குத் தொகுப்புகளில் அவ்வளவாக இடம் கிடைப்பதில்லை. படங்கள் முன்புபோல் ஓடவில்லை என்பதற்காகப் பாட்டையும் ஒதுக்குவது நியாயமில்லை. நேரமிருந்தால் அவற்றிலிருந்தே கேட்கத் தொடங்குங்கள்.