தாளம் ஓடிய காலம்

ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாங்கி டாங்க் விமன்' 1969இல் வந்த பாட்டு. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் மாட்டு மணியைத் தட்டி ஆரம்பித்து வைப்பார். சார்லி வாட்ஸின் டிரம்ஸ் சற்றே கோணலாக வந்து அதோடு சேரும். மூன்று நிமிடம் கழித்துப் பாட்டு முடியும்போது தொடங்கிய வேகம் எங்கோ பின்னால் நிற்கும். சபாவுக்குப் போகிற ரசிகர் யாராவது பக்கத்தில் இருந்தால், "காலப்பிரமாணம் ஓடுதே சார்" என்று உதட்டைப் பிதுக்குவார். ஓடத்தான் செய்கிறது. வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உற்சாகம் ஏறினால் ஓடாமல் என்ன செய்யும்? அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இன்றைக்கு இதே பாட்டைப் பதிவு செய்தால் டிரம்மர் காதில் கிளிக் சத்தம் விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதையும் மீறி ஓர் அடி முன்னே பின்னே விழுந்தால், கணினித் திரையில் இருக்கும் கட்டத்துக்குள் அதை இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள். பாடகரின் சுருதி விலகினால் அதைத் திருத்த 1997இலேயே ஆட்டோ-டியூன் வந்தாயிற்று. டிரம்ஸ் ஓர் ஊரில், கிதார் ஓர் ஊரில், பாட்டு வேறோர் ஊரில் பதிவாகி, மின்னஞ்சலில் வந்து ஒன்றுசேர்கின்றன. எழுபதுகளின் கடைசியிலிருந்து ராக் கேட்டுக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். நாலு பேர் ஓர் அறையில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பதற்குத்தான் ராக் குழு என்று பெயர். அது அரிதாகிக்கொண்டே வருகிறது. என் வயதுக்காரர்கள் புலம்புகிற மற்ற விஷயங்களில் பாதி வெறும் வயசுக் கோளாறு.

பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த, தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளைகள் நாலு பேர். கிதார் வாசித்த டோனி அயோமி 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுப் போகவிருந்த கடைசி நாளில் எந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளை வெட்டிவிட்டது. இடக்கை வாசிப்புக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். பிறகு 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் கிதாரின் சுருதியையே இறக்கிக்கொண்டார். கம்பி தளர்ந்ததும் விரலுக்கு வலி குறைந்தது, சத்தத்துக்குக் கனம் கூடியது. ஹெவி மெட்டலின் அந்த இருட்டுக் கனத்துக்கு ஒரு வேர் இந்த விபத்தில் இருக்கிறது.

அந்த முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்தார்கள், அவ்வளவுதான். 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. இன்று ஒரு டிரம்ஸின் சத்தத்தைச் சரிசெய்வதற்கே ஒரு நாள் போய்விடுகிறது.

அந்த ஆல்பம் மதராஸில் என் கைக்கு வர பல வருடங்கள் ஆயின. இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் அவ்வப்போது ஒன்றிரண்டு பாட்டு காதில் விழும். மூர் மார்க்கெட் பழைய ரெக்கார்டு குவியலில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று மாட்டும். 1985இல் அந்த மார்க்கெட் தீயில் எரிந்ததோடு அந்தக் கதையும் முடிந்தது. மற்றபடி எங்களுக்குக் கதி கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடைதான். பர்மா பஜாரில் வாங்கிய டிடிகே காலி கேசட்டோடு போய் நிற்போம். கடைக்காரர் அண்ணனிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். நாம் கேட்பதை அதில் தமிழிலேயே எழுதிக்கொள்வார்.

"அண்ணே, பர்ப்பிள் ஆயிடுச்சா?"

"வர்ற சனிக்கிழமை வா தம்பி. கல்யாண வீட்டு ஆர்டர் நிறைய இருக்கு."

டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' ரெக்கார்டில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சி-60 கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். மிச்சமாகும் பத்து நிமிடத்தை அண்ணன் சும்மா விடமாட்டார். "டேப்பைக் காலியா விட்டா காசு வேஸ்ட் தம்பி" என்பார். ஆங்கிலப் பாட்டில் அவருக்குப் பிடித்தது போனி எம் ஒன்றுதான். எனவே 'ஸ்பேஸ் டிரக்கின்' இடி முழங்கி ஓய்ந்ததும் அடுத்த நொடியே டிஸ்கோ தொடங்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டு முடியும்போது என் காது போனி எம்முக்குத் தயாராகிவிடுகிறது.

காத்திருந்து கேட்டதால்தான் அந்த ருசி என்று நண்பர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காத்திருப்பில் புனிதம் ஒன்றும் கிடையாது. எங்களுக்குக் கிடைத்ததில் பாதி இரைச்சல். மூன்றாவது நகலிலிருந்து எடுத்த நாலாவது நகல். லெட் செப்ளினின் ராபர்ட் பிளான்ட் என்ன பாடுகிறார் என்று தெரியாமலே வருடக்கணக்கில் கூடவே கத்தினோம். இப்போது கைப்பேசியில் வரிகள் ஓடுகின்றன. கிதார் கற்க விரும்பும் திண்டுக்கல் பையன் எந்த விரலை எங்கே வைப்பது என்று யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. எங்கள் காலத்து ராக் பெரும்பாலும் ஆண்கள் சங்கம். இன்று மெக்சிகோவின் மான்டெரேயிலிருந்து மூன்று சகோதரிகள் 'தி வார்னிங்' என்று குழு அமைத்து உலகம் சுற்றுகிறார்கள். மூவரும் சேர்ந்து மேடையில் அடிப்பதைப் பார்த்தால் நான் மேலே சொன்னது என்னவென்று புரியும்.

ஆனால் பாட்டின் உருவம் சுருங்கிவிட்டது. பிங்க் ஃபிளாய்டின் 1975 ஆல்பத்தில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' தொடங்கி, டேவிட் கில்மரின் பெயர்போன அந்த நாலு சுரம் வருவதற்கே ஏறக்குறைய நாலு நிமிடம் ஆகும். குரல் வருவதற்குள் எட்டு நிமிடம் தாண்டிவிடும். இன்றைய ஸ்பாட்டிஃபை கணக்கில் முப்பது வினாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகும், காசும் அதற்குத்தான். முப்பது வினாடிக்குள் ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் யார் எட்டு நிமிடம் பொறுமையாகக் கட்டுவார்கள்? பல்லவியை முதல் வரியிலேயே எறிந்துவிட வேண்டியதுதான். கிதார் தனி வாசிப்பு மெல்ல மறைந்ததில் இதற்கும் பங்கு உண்டென்று நினைக்கிறேன்.

சத்தத்தின் கதை இன்னும் மோசம். 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தபோது, ஒலியை அழுத்தி அழுத்தி, மெதுவான இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் தொலைக்காட்சி விவாதம்போல் இருந்தது. அதே பாட்டுகள் 'கிதார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டில் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்து, ஆல்பத்தைத் திருத்தித் தரச் சொல்லி மனுப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய குறுந்தட்டைவிடப் பொம்மை விளையாட்டில் பாட்டு நன்றாக இருந்தது என்றால் என்ன சொல்ல!

இதற்கு நேர் எதிர், லெட் செப்ளினின் நாலாவது ஆல்பம், 1971. அதன் கடைசிப் பாட்டு 'வென் தி லெவீ பிரேக்ஸ்'. ஹெட்லி கிரேஞ்ச் என்ற, ஒரு காலத்தில் ஏழைகள் விடுதியாக இருந்த பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கட்டுக்குக் கீழே ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மேல் தளத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார்கள். நாம் கேட்பது டிரம்ஸை மட்டும் அல்ல. அந்தப் படிக்கட்டையும் சுவரையும் சேர்த்துத்தான். இன்றுவரை அந்தச் சத்தத்தை மற்றவர்கள் வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். அறையையே வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்ட பிறகு அறைக்கு யார் போவார்கள்?

நம் ஊருக்கும் இது அந்நியமான கதை இல்லை. எண்பதுகளில் இளையராஜா பாட்டுகள் எப்படிப் பதிவாயின? வயலின் வரிசை, கிதார், தபலா, பாடகர் எல்லோரும் ஒரே நேரத்தில். கடைசிச் சரணத்தில் ஒருவர் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பாட்டுகளில் ஒரு மூச்சு கேட்கிறதென்றால் அதற்கு இது முக்கியக் காரணம். ஏ.ஆர். ரஹ்மான்கூட சினிமாவுக்கு முன் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான். பிற்பாடு ஒவ்வொரு வாத்தியமாகத் தனித்தனியே பதிவு செய்து அடுக்கும் முறையைத் தமிழ்ச் சினிமாவில் நிலைநிறுத்தியவரும் அவரே. அவர் கையில் அது கலை. அந்த வழியில் போன பலருடைய கையில் அது வெறும் சிக்கனம்.

நேரடி நிகழ்ச்சி மட்டும் தப்பித்துவிட்டதா? பெரியது தப்பித்தது. 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது சென்னையிலிருந்து கிளம்பிய ரயிலில் கறுப்புச் சட்டைகளாகவே இருந்தன. பக்கத்தில் நின்ற பையன் ஷில்லாங்கிலிருந்து வந்திருந்தான். கிதார் வாசித்த மெட்டைக் கூட்டமே தொண்டை கிழியப் பாடியது. 2011இல் மெட்டாலிகா, 2025இல் அகமதாபாத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடிய கோல்ட்ப்ளே. (கோல்ட்ப்ளே ராக் குழுதானா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.)

வாடுவது சின்ன இடங்கள். பீட்டில்ஸ் பேர் வாங்குமுன் லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் மட்டும் முந்நூறு தடவைக்குச் சற்றுக் குறைவாக வாசித்திருக்கிறார்கள். ஹாம்பர்க்கில் இரவு முழுக்க வாசித்துப் பழகியது தனி. அப்படிப் பழகத்தான் ஓர் இடம் வேண்டும். அந்த பிரிட்டனிலேயே 2023 என்ற ஒரே ஆண்டில் 125 சிறிய இசைக்கூடங்கள் மூடிக்கொண்டன அல்லது நேரடி இசையை நிறுத்திவிட்டன. வாடகை, மின்கட்டணம், சத்தம் என்று புகார் கொடுக்கும் அக்கம்பக்கம். நம் ஊரில் அந்தச் சின்ன இடங்களே சரியாக அமையவில்லை. சென்னை ஐஐடியின் 'மார்டி கிரா' விழா 1996இல் 'சாரங்' ஆனது. வருடத்தில் சில நாள் அங்குள்ள திறந்தவெளி அரங்கம் அதிரும். மற்ற நாட்களுக்கு? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடையேறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. அவர்கள் பாடியது இந்த ஊரின் கோபம். ஆஸ்டன் தொழிற்சாலைப் பிள்ளைகள் செய்ததும் தங்கள் ஊர்ச் சத்தத்தை மேடையேற்றியதுதானே.

2025 கோடையில் 'தி வெல்வெட் சன்டவுன்' என்றொரு குழு ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்டதாகக் கணக்குக் காட்டியது. எழுபதுகளின் ராக் வாடை, தாடி வைத்த நாலு பேர் படம். கடைசியில் பார்த்தால் அந்த நாலு பேரும் கிடையாது; செயற்கை நுண்ணறிவு செய்துகொடுத்த பாட்டு, செய்துகொடுத்த முகம். நானும் கேட்டேன். பிழையே இல்லை. இரண்டாம் தடவை கேட்கத் தோன்றவும் இல்லை.

ராக் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சென்னையிலோ கோவையிலோ புதுச்சேரியிலோ ஏதாவது சின்னக் கூடத்தில் நாலு பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் போய் முன்வரிசையில் நில்லுங்கள். டிக்கெட்டைக் காசு கொடுத்தே வாங்குங்கள். தெரிந்த பையன்தானே என்று ஓசியில் நுழையாதீர்கள்.