கொண்டி மாடும் கோர்ட்டு வழக்கும்

பிழைப்பு மும்பையில், நிலம் ஊரில், காவலுக்கு வயதான பெற்றோர். இப்படி வாழும் குடும்பங்களுக்கு அடிக்கடி வரும் சேதி, "பக்கத்து வீட்டு மாடு கம்பங்கொல்லையை மேய்ந்துவிட்டது" என்பதாகும்.

ஆத்திரத்தில் மாட்டின் காலை ஒடிப்பவர்களும் விஷம் வைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால், நஷ்டப்பட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார். 2023-ம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

சட்டம் காட்டும் வழி வேறு. பயிரை அழிக்கும் கால்நடையைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் அடைக்க, 1871-ம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வகை செய்கிறது. கொண்டித் தொழு என்பதும், மராத்தியர் கோண்ட்வாடா என்பதும் இதுதான். ஆடு, மாடு மட்டுமல்ல. யானை, ஒட்டகம், கழுதை, பன்றியும் இச்சட்டத்தில் அடக்கம். அபராதமும் தீனிச் செலவும் கட்டினால்தான் உரிமையாளர் மீட்கலாம். பயிர் நஷ்டஈட்டுக்குத் தனியே சிவில் வழக்குப் போடவும் 29-வது பிரிவு இடம் தருகிறது.

ஆனால், முரட்டு மாட்டைப் பவுண்டு வரை ஓட்டிச் செல்ல முதியவர்களால் முடியுமா? பவுண்டே இல்லாத ஊர்களும் உண்டு. எனவே, ஊர்ப் பெரியவர்கள் இருவரை அன்றே வயலுக்கு அழைத்துச் சேதத்தைக் காட்டி, மாட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு தொகை பேசி முடிப்பது நல்லது.

"விடாதீர்கள்" என்று போனில் சொல்வது மகனுக்கு எளிது. மறுநாளும் அந்த அண்டை வீட்டார் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான்.