நாய் நாளில் பிறந்தால் விசுவாசியா? மாயன் நாள்காட்டி உண்மையில் கேட்கும் பக்தி எது?

2012 டிசம்பர் 21-ஐ அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியாது. ‘மாயன் காலண்டர் முடியுது, உலகம் அழியப்போகுது’ என்று டிவி விவாதம் முதல் டீக்கடை பெஞ்ச் வரை பேசித் தீர்த்த நாள் அது. உலகம் அழியவில்லை. மாயன் காலண்டரும் முடியவில்லை. அதன் ஒரு பெரிய சுற்று நிறைந்து அடுத்தது தொடங்கியது, அவ்வளவுதான்.

ஆனால், அந்தப் பரபரப்பில் சூடுபிடித்த ஒரு பிசினஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறந்த தேதியைக் கொடுத்தால் ‘உங்கள் மாயன் ராசி’ என்னவென்று சொல்லும் ஆப்கள், இணையதளங்கள். அதில் ‘வெள்ளை நாய்’ என்று வந்தால் பலன் ரொம்ப இனிப்பாக இருக்கும்: அன்பு, விசுவாசம், இதயம். ‘நீங்கள் நம்பினவர்களைக் கைவிட மாட்டீர்கள்’ என்கிற ரகம்.

சரி, இந்த நாள்காட்டியை இன்றைக்கும் வைத்து வாழ்கிற மாயா மக்கள் நாய் நாளைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

260 நாள் கணக்கு

மாயா என்பது அழிந்துபோன நாகரிகம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பழைய நகரங்கள் கைவிடப்பட்டது உண்மை. மக்கள் எங்கும் போய்விடவில்லை. குவாத்தமாலா, தெற்கு மெக்சிகோ, பெலிஸ் பகுதிகளில் பல லட்சம் பேர் மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில் பெரிய இனம், கீச்சே மக்கள்.

கீச்சே மக்களின் புனித நாள்காட்டிக்கு மாதம் கிடையாது. 20 நாள் பெயர்கள், 1 முதல் 13 வரை எண்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நகரும். நம்மூரில் கிழமை ஒரு பக்கமும் நட்சத்திரம் ஒரு பக்கமும் ஓடுவது போல. இன்று 7 நாய் என்றால் நாளை 8 குரங்கு. ஒரே சேர்க்கை திரும்ப வர 260 நாள் ஆகும். ஒரு குழந்தை வயிற்றில் இருக்கும் காலம் என்று கீச்சே மக்களே இதற்கு விளக்கம் சொல்வார்கள்.

ஒவ்வொரு நாளும் வெறும் தேதி அல்ல. அது ஓர் ஆள், ஒரு தெய்வம். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், காணிக்கை கொடுக்க வேண்டும்.

நாய்க்கு இரண்டு முகம்

கீச்சே மொழியில் நாய் நாளின் பெயர் ‘ட்ஸி’. நாய் என்றால் நன்றியுள்ளது என்றும் சொல்வோம். அதையே வசவாகவும் வைத்திருப்போம். மலைநகரமான மொமொஸ்தெனாங்கோவிலும் நிலைமை கிட்டத்தட்ட அதுதான்.

மானுடவியலாளர் பார்பரா டெட்லாக், 1970-களில் கணவர் டென்னிஸுடன் அங்கே தங்கி, நாள் கணிப்பவராகவே முறைப்படி பயிற்சி எடுத்து தீட்சை பெற்றவர். அவருடைய ‘காலமும் மலைநாட்டு மாயாவும்’ என்ற நூல் 1982-ல் வந்தது. அதன்படி மொமொஸ்தெனாங்கோவில் ட்ஸி அப்படியொன்றும் நல்ல நாள் இல்லை. பொறாமை, நிச்சயமின்மை, தகாத உறவு என்று அதற்கு அர்த்தம் சொல்லப்பட்டது. அதாவது, விசுவாசத்துக்கு நேர் எதிர்!

வேறு மாயா ஊர்களிலும், இன்றைய மாயா அமைப்புகள் வெளியிடும் நூல்களிலும் அதே ட்ஸி நீதி, சட்டம், அதிகாரம், உண்மையாக நடப்பது ஆகியவற்றுக்கான நாள். எது சரி? இரண்டுமே சரிதான். நாய் நாள் ஒரு குணத்தைப் பரிசாகக் கொடுப்பதில்லை. விசுவாசம் உடைகிற இடமும் நிற்கிற இடமும் அந்த ஒரே நாளுக்குள் இருக்கின்றன. ஆப்களில் இனிப்பான பாதி மட்டும் வருகிறது.

கீச்சே மக்களின் படைப்புக் கதைநூலான ‘போபோல் வூ’வைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தங்களை நினைவில் வைத்து, பெயர் சொல்லி, நாட்களைக் காக்கும் ஓர் உயிர் வேண்டும் என்பதுதான் அதில் தெய்வங்களின் தேவை. முதலில் விலங்குகள், அவற்றால் பேச முடியவில்லை. மண்ணால் செய்த ஆள் கரைந்துபோனான். அடுத்து மரத்தால் மனிதர்களைச் செய்கிறார்கள். அவர்கள் பேசினார்கள், பெருகினார்கள். ஆனால், உண்டாக்கியவர்களை நினைக்கவே இல்லை. முடிவில் வெள்ளம் வருகிறது. அத்தோடு அவர்கள் வளர்த்த நாய்களே அவர்கள்மேல் பாய்கின்றன. சோறு போடாமல் அடித்து விரட்டினீர்களே என்று கேட்டுத்தான் பாய்கின்றன. சட்டி, பானை, அம்மிகூட எழுந்து அடிக்கிறது.

ஆக, இந்தக் கதையில் நாயின் விசுவாசம் இலவசம் இல்லை. மறந்தவனுக்கு அது கிடையாது.

பக்தி என்றால் எண்ணுவது

அப்படியானால் மாயா மரபில் பக்தி எங்கே இருக்கிறது? உணர்ச்சியில் தேடினால் கிடைக்காது. அது எண்ணுவதில் இருக்கிறது.

நாட்களைக் காப்பவருக்கு கீச்சே மொழியில் ‘அஹ்கிஹ்’ என்று பெயர். ‘நாளுக்கு உரியவர்’ என்று சொல்லலாம். ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். யாரும் ஆசைப்பட்டு இதில் சேர்வது வழக்கமில்லை. தீராத நோய், திரும்பத் திரும்ப வரும் கனவு, தொடர் கஷ்டம் என்று ஏதாவது வரும். மூத்த அஹ்கிஹ் பார்த்து, ‘நாட்கள் உன்னைக் கூப்பிடுகின்றன’ என்பார். மறுத்தால் கஷ்டம் கூடும் என்பது நம்பிக்கை. குரு ஒருவரிடம் 260 நாள் சுற்று முழுக்கப் பயிற்சி. எந்த எண் விழும் நாளில் எந்த மலையடி பீடத்துக்குப் போக வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாமே மனப்பாடம். கடைசியில் 8 குரங்கு நாளில், அவர்கள் மொழியில் ‘வஹ்ஷகிப் பாட்ஸ்’ அன்று, தீட்சை.

அதற்குமேல் உயிருள்ளவரை விடுமுறை கிடையாது. குலத்துக்கே பூசை செய்யும் மூத்தவரை ‘சுச்கஹாவ்’ என்பார்கள். நேர் அர்த்தம் ‘தாய்-தந்தை’. அம்மையப்பன் என்ற சொல் பழகிய காதுக்கு இது ஒன்றும் அந்நியமாகப் படாது.

குறி பார்க்கும் முறையும் எண்ணிக்கைதான். அஹ்கிஹ்ஷின் பையில் சிவப்பு விதைகள் இருக்கும். அள்ளிப் போட்டு, நான்கு நான்காகப் பிரித்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு நாள் பெயரைச் சொல்லிக்கொண்டே போவார். கணக்கு எந்த நாளில் போய் நிற்கிறதோ அந்த நாள் ‘பேசும்’. ‘ட்ஸிட்டே’ என்கிற அந்த மரத்துக்கு நம்மூரில் ஒரு சொந்தக்காரர் உண்டு: கல்யாண முருங்கை. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. போபோல் வூவில் தெய்வங்களின் ஆலோசகர்களான கிழத் தம்பதி குறி பார்ப்பதும் இந்த விதையால்தான்; நாயிடம் கடிபட்ட மர ஆண்களைச் செதுக்கியதும் இதே மரத்தில்தான்.

தீ வளர்க்கும் சடங்கில் தரையில் சர்க்கரையால் வட்டம் போட்டு, நம் சாம்பிராணி மாதிரியான ‘போம்’ பிசினையும் மெழுகுவத்திகளையும் அடுக்குவார்கள். பற்றவைத்த பிறகு 20 நாட்களையும் ஒவ்வொன்றாக, ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்ணிக் கூப்பிடுவார்கள். மணிக்கணக்கில் போகும். பார்க்கிறவருக்குச் சலிப்புத் தட்டலாம். வழிபாடே அதுதான்.

ஆப்பில் வரும் கணக்கு யாருடையது?

அமெரிக்க எழுத்தாளர் ஹோசே அர்குவேயஸ் 1987-ல் ‘மாயன் ஃபேக்டர்’ என்ற புத்தகத்தை எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 16, 17-ல் உலகம் முழுக்கக் கூட்டுத் தியானத்துக்கு அழைப்பு விடுத்துப் பிரபலமானார். பிறகு ‘ட்ரீம்ஸ்பெல்’ என்ற பெயரில் ஒரு நாள்காட்டியை உருவாக்கினார். ‘வெள்ளை நாய்: விசுவாசம்’ என்று பல தளங்களில் வருவது இங்கிருந்துதான்.

இதில் ஒரு சிக்கல். ட்ரீம்ஸ்பெல் பிப்ரவரி 29-ஐ எண்ணுவதில்லை, தாண்டிவிடுகிறது. மாயா கணக்கில் எந்த நாளையும் தாண்ட முடியாது. விளைவு, இரண்டும் பொருந்தாது. ஒவ்வொரு லீப் ஆண்டிலும் ஒரு நாள் இன்னும் விலகும். 2012 டிசம்பர் 21 மாயா கணக்குப்படி 4 அஹாவ். ட்ரீம்ஸ்பெல்லில் அதே நாள் ‘நீலக் கை’, எண் 12. 2026 ஜூன் 21-ஐ எடுத்துக்கொண்டால் கீச்சே கணக்கில் அது 7 நாய். ட்ரீம்ஸ்பெல்லில் ‘வெள்ளை மந்திரவாதி’. எனவே ஆப்பில் நாய் என்று வந்தவருக்கு, குவாத்தமாலாவில் கேட்டால் வேறு நாள் வர வாய்ப்பு மிக அதிகம்.

அதிலும் நாளைத் தாண்டுவது என்பது சின்ன டெக்னிக்கல் தவறு இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு தெய்வம் என்றால், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தெய்வத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போகிற கணக்கு அது.

மலைநாட்டுக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்களும் இதே 260 நாள் கணக்கை வைத்திருந்தார்கள். அவர்கள் தலைநகர் டெனோச்டிட்லான் ஸ்பானியர்களிடம் விழுந்தது அன்றைய ஜூலியன் நாள்காட்டிப்படி 1521 ஆகஸ்ட் 13-ல். அது ‘1 பாம்பு’ நாள் என்று பதிவாகியிருக்கிறது. இன்றைய கீச்சே கணக்கிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் அதே நாளில் 1 பாம்பு வந்து நிற்கிறது. 2012 டிசம்பர் 21-லிருந்து எண்ணினால் 1,79,455 நாட்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அந்த எண்ணிக்கைக்குக் கொடுத்த விலை

இது அமைதியான ஐந்து நூற்றாண்டுகள் அல்ல. 1562 ஜூலையில் யுகடானின் மனி என்ற ஊரில் பாதிரியார் தியேகோ தெ லாந்தா மாயா நூல்களைக் குவித்துத் தீவைத்தார். பழைய மாயா ஓலைகள் என்று, அதாவது மரப்பட்டை ஏடுகள் என்று, உலகில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. கணக்கு பிழைத்ததற்குக் காரணம் அது ஏட்டில் மட்டும் இல்லாமல் மனப்பாடத்தில் இருந்ததுதான். தேவாலயத்துக்குள் புனிதர்கள் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மலைக்குப் போய் நாளைக் கூப்பிட்டார்கள். இரண்டும் அவர்களுக்கு முரணாகத் தெரியவில்லை. முரண் என்று சொன்னவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்தான்.

குவாத்தமாலா உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996 வரை நீடித்தது. 2 லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை கண்டறியும் ஆணையம் 1999-ல் மதிப்பிட்டது. முழுமையாக அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள். 1995-ல் கையெழுத்தான பழங்குடி உரிமை ஒப்பந்தத்தில்தான் மாயா ஆன்மிகத்துக்கு அரசு முதன்முறையாக எழுத்தில் மரியாதை கொடுத்தது.

ஆனால், எழுத்து வேறு, தெரு வேறு. டொமிங்கோ சோக் சே, கெக்ச்சி இனத்தின் ஆன்மிக வழிகாட்டி, மூலிகை வைத்தியர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், குவாத்தமாலாவின் டெல் வாயே பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து மருத்துவத் தாவரங்களைப் பதிவுசெய்து வந்தவர். 2020 ஜூன் 7 அன்று, பெத்தேன் மாகாணம் சிமாய் கிராமத்தில், சூனியம் வைத்தார் என்று குற்றம்சாட்டி அவரை உயிரோடு எரித்தார்கள். எரித்தது ராணுவமோ வெள்ளைக்காரப் பாதிரியாரோ இல்லை, பக்கத்தில் வாழ்ந்தவர்களே. எரியும் உடலோடு அவர் ஓடும் காட்சியை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. அவரோடு எத்தனை செடிகளின் பயன் போனது என்பதுதான் உடன் வேலை செய்த ஆய்வாளர்களின் பெரிய கவலை.

பழைய மரபைச் ‘சாத்தான் வேலை’ என்று போதிக்கும் குரல்கள் அங்கே சில தலைமுறைகளாகவே ஒலிக்கின்றன. மறுபக்கம், போருக்குப் பிறகு வெளிப்படையாகத் தீ வளர்க்கும் அஹ்கிஹ்களும் பெருகியிருக்கிறார்கள். வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், பல்கலைக்கழகம் முடித்த இளைஞர்கள்கூட அவர்களில் இருக்கிறார்கள்.

2025-ல் வஹ்ஷகிப் பாட்ஸ் இரண்டு முறை வந்தது: ஜனவரி 18, அக்டோபர் 5. 2026-ல் அது ஜூன் 22. பயிற்சி முடித்தவர்கள் அன்று மலையடி பீடத்தில் தீட்சை பெறுவார்கள். அதற்கு முந்தைய நாள்தான் 7 ட்ஸி, நாயின் நாள்.