யுக்தியும் சிரத்தையும்

சமயம் என்றாலே யுக்திக்குப் பகையென்று கருதுவோர் நம்மிடையே பலர். ஜைன நூல்களை ஊன்றி நோக்கின் அக்கருத்து நில்லாது.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளில் சிரத்தையாகிய நற்காட்சியே முதலில் நிற்பது. எனினும் அது குருட்டு நம்பிக்கையன்று. 8-ஆம் நூற்றாண்டினரான ஹரிபத்திர சூரி, தமக்கு மகாவீரரிடம் பட்சபாதமுமில்லை, கபிலரிடம் துவேஷமுமில்லை, யுக்திக்கு இசைந்ததையே ஏற்போம் என்னும் கருத்தை வெளியிட்டார்.

ஆயினும் யுக்திக்கும் எல்லையுண்டு. புலன்வழி வரும் அறிவை மறைமுகமானதென்றும், ஆன்மா தானே நேரிற் காண்பதையே பிரத்தியட்சமென்றும் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. அக்காட்சியின் முடிவே கேவலஞானம். யுக்தி செல்லுமிடத்தில் யுக்தியையும், செல்லாவிடத்தில் ஆகமத்தையும் கொள்வதே முறையென்பது சித்தசேன திவாகரர் துணிபு.

இவ்வெல்லையை மறந்தால் சிரத்தை மூடத்தனமாகும். யுக்தி வெறும் வாதமாகும். ஒழுக்கத்தில் முடியாவிடில் இரண்டும் வீணே என்பதுதான் நாம் கொள்ளத்தக்க பாடம்.